எங்களுக்கென்ன குறை

எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி என்றால் கல் ஆராய்ச்சிதான். அரியலூரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கல்லாகிப் போன நத்தையும் சிப்பியும் கிடைக்கும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ படித்தவர்கள் வருவார்கள். ஓடையில் இறங்குவார்கள், சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள், பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால், ஆராய்ச்சிக்கு ஒரு பெண் வருகிறாள் என்று சங்கத்துச் செயலாளர் சொன்னபோது, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போக வழி கேட்டு வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தோம். இல்லை, உங்களைப் பார்க்கத்தான் வருகிறாள் என்றார். எங்கள் ஆட்களில் ஒருத்தி, "நம்மளயும் பஞ்சுல சுத்தி எடுத்துட்டுப் போவாங்களாண்ணே?" என்று கேட்டாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

வந்தவள் சின்னப் பெண். சென்னையில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, அதிலேயே பெரிய பட்டத்துக்கு எழுதுகிறாள். சங்கம் வைத்திருக்கிற தொழிலாளிகள் நலமாக இருக்கிறார்களா, சங்கத்தால் அந்த நலத்துக்கு ஏதாவது உண்டா என்பது அவளுடைய கேள்வி. முதல் நாள் என்னைப் பாட்டி என்றாள். "பாட்டின்னா வேலைக்கு வெச்சிருப்பாங்களா? பெரியம்மான்னு கூப்புடு" என்றேன். ஆலை கேட்டில் வைத்து உள்ளே போகிற கார்டில் இருக்கிற என் வயது வேறு, என் நிஜ வயது வேறு. அதைக் கேட்க ஆராய்ச்சிக்கும் உரிமை கிடையாது. அவளும் கேட்கவில்லை. பெரியம்மா என்றே கடைசிவரைக்கும் கூப்பிட்டாள்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற கொட்டகை ஒன்று உண்டு. மேலிருந்து சிமெண்ட் வந்து சாக்கில் நிறைந்து, பெல்ட்டில் ஏறி லாரிக்குப் போகும். போகிற வழியெல்லாம் சிந்தும். சில சாக்கு கிழிந்து அப்படியே கொட்டும். அதைக் கூட்டி அள்ளுவதுதான் பெண்களுக்கு வேலை. நாங்கள் கம்பெனி ஆட்கள் கிடையாது, ஒப்பந்தக்காரர் ஆட்கள். கூட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கூட்டின இடத்தில் மறுபடியும் மாவு மாதிரி விழுந்து கிடக்கும். முகத்தில் துண்டைக் கட்டியிருப்போம். அவிழ்த்தால் கண் மட்டும் எங்களுடையதாக இருக்கும், மற்றதெல்லாம் சாம்பல். அலுத்துப் போகும் என்று சொல்லக்கூட முடியாது. அலுப்பு என்றால் ஒரு வேலை முடிந்த பிறகு வருவது. இந்த வேலை முடிவதே இல்லையே.

பெல்ட்டு ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. நான்தான் அவளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு இருமல் வந்து ரொம்ப நாளாகிறது. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு பஸ் ஏறும்போது, பிறகு பேசும்போது. இரண்டு மாடு கட்டிப் பால் பீய்ச்சினவள், இப்போது ஒரு குடம் தண்ணீரை இரண்டு தடவை இறக்கி வைத்துத்தான் தூக்குகிறாள். தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பெரம்பலூரில் நர்சுக்குப் படிக்கிறது. அந்தப் படிப்பு முடிகிறவரைக்கும் இவள் கார்டு ஓட வேண்டும். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே கணக்கு.

ஆலைக்குள்ளேயே வெளிவேலையும் உண்டு. தோட்டத்தில் களை பறிப்பது, ரோட்டோரம் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. வெயில்தான், ஆனால் காற்று இருக்கும். அந்த வேலை மேஸ்திரிக்கு வேண்டப்பட்டவர்களுக்குப் போகும். கொட்டகைக்குள் இருக்கிறவள் கொட்டகைக்குள்ளேயே இருப்பாள். எல்லாரையும் முறை மாற்றி வெளியே விட வேண்டும் என்று சங்கத்தில் நாங்கள் கேட்டு எத்தனையோ தடவை ஆகிவிட்டது. கேட்டு வாங்கியவர்கள்தான் நாங்கள். ஊருக்குள் பஸ் வந்தது நாங்கள் கேட்டு. பெண்களுக்குக் கதவு வைத்த கக்கூஸ் வந்தது நாங்கள் கேட்டு வாசலில் உட்கார்ந்ததால். ஆனால் ஒன்றை வாங்குவதற்குள் உடம்பில் பாதி போய்விடுகிறது. பேச்சுவார்த்தையில் லேபர் ஆபீசர், "தூசு தூசுன்னு வாயால சொன்னா போதுமா, பாதிப்பு இருக்குன்னு யாராவது ஆராய்ஞ்சு எழுதியிருந்தா காட்டுங்க" என்றார். செயலாளர் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர். அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண்ணை வரச் சொன்னார். எழுதினதை ஆபீசருக்கு ஒரு பிரதி கொடுப்பதாக அவளும் ஒத்துக்கொண்டாள்.

வீடு வீடாக அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். வேலை விட்டு வந்து, குளித்து, அடுப்புப் பற்ற வைத்துவிட்டுக் கிளம்புவேன். நல்ல பெண். எந்த வீட்டிலும் கொடுத்ததைச் சாப்பிட்டாள், தரையில் உட்கார்ந்தாள், போனில் பதிவு பண்ணலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பண்ணினாள். அவளுடைய கேள்விகளில் ஒன்று இது: இந்த வேலையால் உங்கள் உடம்பில் ஏதாவது குறை உண்டா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் குறை என்கிற வார்த்தை இருக்கிறதே, அது எங்கள் ஊரில் ஒரு பொம்பளையின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய வார்த்தை இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தெருமுனையில் நின்று ரகசியமாகக் கேட்பார்கள், "பொண்ணுக்கு ஏதும் குறை உண்டா?" என்று. பிள்ளை இல்லாதவளுக்குக் குறை. காது கேட்காதவளுக்குக் குறை. மாமியாரும் கொழுந்தனும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற வீட்டில், விளக்கு வைக்கிற நேரத்தில், உனக்கு என்ன குறை என்று கேட்டால் எவள் சொல்லுவாள்? முறத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னார்கள், "எங்களுக்கென்ன குறை, நல்லாருக்கோம்" என்று. ஒருத்தி கொஞ்சம் கோபமாகவே, "குறையோட பொறந்தவளா நானு?" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

என்னையும் கேட்டாள். "எனக்கென்ன குறை? சொந்த வூடு, ரெண்டு புள்ளைவளயும் கரையேத்திட்டேன், இன்னும் பல்லால கரும்பு கடிக்கிறேன்" என்றேன். அது பொய்யும் இல்லை.

என் ஓரகத்தி வீட்டில் மகள் லீவுக்கு வந்திருந்தது. கேள்வி வருவதற்கு முன்னாலேயே இவள் சொம்பு தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டாள், இருமல் வரக்கூடாது என்று. "ஒண்ணும் இல்ல பாப்பா, நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொல்லைப் பக்கம் போனாள். வர வெகுநேரம் ஆனது. மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கொட்டகையில் பெண்களை மட்டும் கூட்டினாள். எழுதினதை எங்களிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். தகரக் கூரை, வெயில், மின்விசிறி சத்தம்தான் போடும். அவள் நிதானமாகப் படித்தாள். சங்கம் இருப்பதால் பெண்கள் தைரியமாக உணர்கிறார்கள் என்று வந்தது, தலையாட்டினோம். பஸ்ஸைப் பற்றி வந்தது, தலையாட்டினோம். அப்புறம், உடல்நலத்தில் தங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று அநேகமாக எல்லாப் பெண்களும் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்தாள்.

யாரும் தலையாட்டவில்லை. செயலாளர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதை ஆபீசரிடம் கொடுத்தால் கம்பெனிக்காரன் கோயில் கட்டிக் கும்பிடுவான் என்றார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்து உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வருகிறவள் ஒருத்தி, வாய் ரொம்ப நீளம், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏண்டி, நீயுமா நல்லாருக்கேன்னு சொன்ன?"

"ஆமா. நீ என்ன சொன்னியாம்?"

"நான் என்னமோ சொல்லிட்டுப் போறேன். நீ பஸ்ல ரெண்டு படி ஏறதுக்குள்ள கண்டக்டர் டீ குடிச்சிட்டு வந்துடறாரு. நல்லாருக்காளாம்."

"நீ மட்டும் என்னவாம்? சோத்த வாய்ல வெச்சா ருசி தெரியலன்னு எங்கிட்ட அழுவல? கை தோலு உரிஞ்சி பாம்புச் சட்ட மாதிரி தொங்கல? காட்டுடி கைய."

"என் கைய எதுக்குடி இழுக்கற?"

அப்படியே பரவியது. ஒருத்தி இன்னொருத்தியின் கண் எரிச்சலைச் சொன்னாள், அவள் இவளுடைய இடுப்பைச் சொன்னாள். சண்டையும் சிரிப்புமாகக் கொட்டகை இரண்டுபட்டது. தன்னைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் நிற்பவளைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் அடங்கினதும், "நான் தப்பா கேட்டுட்டேன் போல. உங்களப் பத்திக் கேட்டிருக்கக்கூடாது. பக்கத்துல நிக்கறவங்களப் பத்திக் கேட்டா சொல்வீங்களா?" என்றாள்.

உடனே எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். சண்டையில் சொல்வது வேறு, எழுதிக்கொள்கிறவளிடம் சொல்வது வேறு. வெறும் மானத்துக்காக மட்டும் நாங்கள் மறைக்கவில்லை. எங்களோடு ஒருத்தி இருந்தாள், கம்பெனி டாக்டரிடம் போய் நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னாள். அவர் நல்லபடியாகத்தான் பேசினார். உடம்பைப் பாருங்க, கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க என்றார். ஓய்வு முடிந்து வந்தபோது கேட்டில் அவள் கார்டு ஓடவில்லை. ஒப்பந்தக்காரரைக் கேட்டால், உன் நல்லதுக்குத்தாம்மா என்றாராம். அவள் இப்போது முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிறாள். அதனால் பெயர் வரக்கூடாது, ஊர் வரக்கூடாது, இன்னார் சொன்னது என்று எதுவும் தெரியக்கூடாது என்று செயலாளர் எங்கள் சார்பில் கேட்டார். அந்தப் பெண் சத்தியமே பண்ணினாள். அப்படியும் அன்றைக்கு யாரும் சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

என் பக்கத்தில் நிற்பவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். சொன்னால் முறை மாற்றுவதற்கு ஒரு வழி பிறக்கும், அவள் தூசியிலிருந்து வெளியே வருவாள். யாருக்காவது அடையாளம் தெரிந்துவிட்டால் அவள் கார்டு போகும், மகள் படிப்பு நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவள் அதே பெல்ட்டு ஓரத்தில் நிற்பாள், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எங்கள் வேலை பார்த்தவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் கூட்டும்போது அதே நினைப்பாக இருந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளிடமே கேட்டேன். தூக்குவாளியை மூடி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சொல்லுக்கா. ஆனா என்னப் பத்தி சொல்றதா இருந்தா என் முன்னாடி சொல்லு. நான் இல்லாதப்ப சொல்லாத."

அப்படித்தான் இரண்டாவது சுற்று நடந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் அதையே கேட்டார்கள். வீட்டில் இல்லை, சங்கத்துக் கொட்டகையில், இரண்டு இரண்டு பேராக. ஒருத்தி சொல்ல, மற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் முறை வந்தது. நான் சொன்னேன். பால் பீய்ச்சினது முதல் குடம் இறக்கி வைப்பது வரைக்கும் சொன்னேன். படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள் என்பதையும், கோயிலுக்கு நடப்பதை விட்டுவிட்டாள் என்பதையும் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்தாள்.

"துப்பறதுல ரத்தம் வந்துச்சே, அத விட்டுட்டியே."

எனக்கு அது தெரியாது. ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருகிறோம், எனக்குத் தெரியாது. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எழுதிக்க பாப்பா" என்று என் ஓரகத்திதான் சொன்னாள்.

அதற்கப்புறம் அவளைப் பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள், சளி எடுத்துப் பார்த்தார்கள். காசநோய் இல்லை என்றார்கள், தூசியை விட்டு விலகி இருக்கச் சொன்னார்கள். விலகி இரு என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். அங்கே கொடுத்த மாத்திரையை மகளுக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் ஒளித்து வைத்துச் சாப்பிட்டாள்.

எழுதினது ஆபீசர் கைக்குப் போனது. பெயர் இல்லை, ஊர் இல்லை. பேச்சுவார்த்தைக்கு நானும் போயிருந்தேன், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆபீசர் படித்துவிட்டுக் கம்பெனி ஆட்களைப் பார்த்தார். அவர்கள் ஒப்பந்தக்காரரைப் பார்த்தார்கள். அவர் மூன்று கூட்டத்துக்கு இழுத்துவிட்டு ஒருவழியாக இறங்கி வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றி வெளிவேலை கொடுக்கலாம், யாருக்கெல்லாம் உடம்பில் குறை இருக்கிறதோ அவர்கள் வந்து பெயர் கொடுக்கட்டும் என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று செயலாளர் டீ வாங்கிக் கொடுத்தார். பெயர் கொடுக்க ஒருத்தியும் போகவில்லை. திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றோம். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே சோர்ந்து போனது. இத்தனை நடை நடந்து, இத்தனை பேருடைய மானத்தை அவிழ்த்து வைத்து, மறுபடியும் அந்த வார்த்தையின் வாசலில் கொண்டு வந்து விட்டார்களே என்று இருந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச்சு எங்கெங்கோ போய், மேஸ்திரியின் ஆட்களே முதலில் போகட்டும் என்றுகூட ஒருத்தி சலித்துக்கொண்டாள். அப்போது யாரோ, தேர்த் திருவிழாவில் மண்டகப்படி மாதிரி ஊருக்கு ஒரு முறை என்று வைத்தால் என்ன என்றார்கள். அதில் உனக்கு வேண்டுதல் உண்டா, குறை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. இந்த நாள் இந்த ஊருடையது, அவ்வளவுதான். ஏலாக்குறிச்சி பக்கத்திலிருந்து வருகிற வேதக்காரப் பொண்ணு, "எங்க மாதா கோயில்லயும் அப்பிடித்தாங்க, ஒவ்வொரு நாளும் ஒரு ஊரு உபயம்" என்றாள். பஸ் எந்த ஊர் வழியாக வருகிறதோ அந்த வரிசையில் வைக்கலாம் என்றார்கள் சிலர், முதல் ஊர்க்காரிகள். கூடாது என்றார்கள் கடைசி ஊர்க்காரிகள். கடைசியில் அம்மன் கோயில் பூசாரியை விட்டுத் திருவுளச்சீட்டு எடுத்தோம். ஆட்கள் மாறினால் என்ன, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று ஒப்பந்தக்காரரும் ஒத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்ச் சீட்டு கடைசியில் வந்தது.

என் முறையை உனக்குத் தருகிறேன் என்று எந்த ஊர்க்காரியும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மற்ற ஊர்கள் வெளியே போய்த் திரும்புகிறவரைக்கும் நாங்கள் கூட்டினோம். அவள் பக்கத்துத் தரையையும் முடிந்தவரைக்கும் நானே கூட்டினேன். மேஸ்திரி பார்த்தால் அவள் துடைப்பத்தை எடுப்பாள். அந்த மாதங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. நேற்று போலவே இன்று இருந்தது.

ஆராய்ச்சிப் பெண் ஒரு தடவை போன் பண்ணினாள். பக்கத்தில் நிற்பவளுக்காகச் சொல்கிற எங்கள் வழக்கத்தைப் பற்றி அவள் எழுதினதைப் படித்துப் பெரிய ஆட்களெல்லாம் கேள்வி கேட்டார்களாம். எப்படி இருக்கீங்க பெரியம்மா என்று கேட்டுவிட்டு, சட்டென்று நிறுத்தி, "சின்னம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று உள்ளதைச் சொன்னேன்.

எங்கள் முறை மார்கழிக்குப் பிறகு வந்தது. அலுவலகக் கட்டடத்துக்கு எதிரே புங்க மர வரிசை இருக்கிறது, அதன் கீழே பாத்தி. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் குந்திக் களை பறித்தோம். முகத்தில் துண்டு இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்ப்பது புதுசாக இருந்தது. மரத்தில் ஏதோ குருவி கத்தியது. அதைத் தவிரச் சத்தமே இல்லை. அப்போதுதான் அவள் இருமினாள்.

கொட்டகைக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருத்தி இருமினால் பக்கத்தில் இருப்பவளுக்கு உதடு அசைவதுதான் தெரியும். இங்கே அந்தச் சத்தம் கட்டடத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்தாள். அடங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுக்காகத்தான் இங்கே வந்தோம். அந்தக் காற்றில் அவளை ஒளித்து வைக்க ஒரு இடமும் இல்லை. இத்தனை நாள் மறைத்தது எல்லாம் அலுவலக வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

தோட்டத்து சூப்பர்வைசர் வந்து நின்றார். பொல்லாத மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

"யாரும்மா அது இருமறது?"

அவள் முந்தானையை எடுக்கவில்லை. மற்றவர்கள் பாத்தியைப் பார்த்துக்கொண்டு பறித்தார்கள். நான் எழுந்து நிற்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது, முட்டி பிடித்திருந்தது.

"எல்லாருந்தாங்க" என்றேன்.

அவர் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். அந்தப் பக்கத்துப் பாத்தியையும் இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுதிக்கொண்டாரா, யாரிடமாவது சொன்னாரா என்று தெரியாது. இதுவரைக்கும் அவள் கார்டு ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் கேட்டில் அவளை முன்னால் விட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என் கார்டை வைக்கிறேன். உள்ளே போனால், அந்தி வரைக்கும் பறிப்பதற்கு இன்னும் ஒரு பாத்தி இருந்துகொண்டே இருக்கும்.